தட்டைத் தள்ளிவைக்கும் பேத்தி

ரேஷன் வரிசையில் நின்ற தலைமுறையும் கலோரி எண்ணும் தலைமுறையும் ஒரே சாப்பாட்டு மேஜையில். நூறு வருஷம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்ட குடும்பமே இன்று சிகிச்சையின் மையம்.

1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விட்டுக்கொடுக்கும்படி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். பல ஊர்களில் திங்கட்கிழமை இரவு ஓட்டல்கள் அடுப்பை அணைத்தன. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமைக்காக ரேஷன் கடை வாசலில் கார்டும் பையுமாகக் காத்து நின்ற சிறுமிகளும் இளம்பெண்களும் இன்று பாட்டிகள். அவர்களுடைய பேத்திகளில் சிலர், எந்தப் பிரதமரும் கேட்காமலேயே, வேளைக்கு வேளை சாப்பாட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அனோரெக்ஸியா என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பசியின்மை என்று அர்த்தம். பெயரே தப்பு. இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பசி உண்டு. அதை ஜெயிப்பதுதான் அவர்களுடைய முழுநேர வேலை. அனோரெக்ஸியா நெர்வோசா கண்டவர்கள் சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து எலும்பும் தோலுமாக ஆன பின்னும் நிறுத்த மாட்டார்கள். புலிமியா நெர்வோசா வேறு ரகம். ஒரே மூச்சில் அளவில்லாமல் தின்றுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வாந்தியெடுத்தோ பேதி மாத்திரை விழுங்கியோ ஈடுகட்டுவது. லண்டன் டாக்டர் ஜெரால்டு ரஸல் 1979-இல் இதற்குப் பெயர் வைத்தார். இரண்டுமே பெரும்பாலும் பதின்வயதிலோ அதை ஒட்டியோ தலைகாட்டும். பெண்களுக்கே அதிகம், பையன்கள் விதிவிலக்கல்ல. மனநோய்களில் அதிக உயிர்களைப் பறிப்பவற்றின் வரிசையில் அனோரெக்ஸியாவுக்கு முன்னணி இடம். சிலருக்கு இதயம் நின்றுபோகிறது. சிலர் தற்கொலை செய்துகொள்கிறார்கள். அமெரிக்கப் பாடகி கரென் கார்ப்பென்டர் 1983-இல் இறந்தபோது அவருக்கு வயது 32.

இதெல்லாம் வெள்ளைக்காரப் பணக்கார வீட்டு வியாதி என்றுதான் இந்திய மருத்துவ உலகம் வெகுகாலம் நினைத்திருந்தது. டில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக மனநல டாக்டர்கள் 1995-இல் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஐவரும் சாப்பிட மறுத்தார்கள், ஓயாமல் வாந்தியெடுத்தார்கள், ஏராளமாக எடை இழந்தார்கள், மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. ஆனால் மேல்நாட்டுப் பாடப்புத்தகம் சொல்கிறபடி 'நான் குண்டாக இருக்கிறேன்' என்று அவர்கள் புலம்பவில்லை. இது இந்தியாவின் தனி விசித்திரமும் அல்ல. ஹாங்காங்கில் டாக்டர் ஸிங் லீ 1993-இல் வெளியிட்ட ஆய்வில், 70 நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் குண்டாகிவிடும் பயமே இல்லை. வயிறு உப்புகிறது, சாப்பிடப் பிடிக்கவில்லை போன்ற காரணங்களே சொன்னார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய் இலக்கணத்தை 2013-இல் திருத்தியபோது, வாயால் பயத்தைச் சொல்லாவிட்டாலும் எடை ஏறவிடாமல் தடுக்கும் நடத்தை தொடர்ந்தால் போதும் என்று தளர்த்தியது. பெங்களூரில் மனநல டாக்டர்களிடம் நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில், சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் இப்படிப்பட்ட ஒரு நோயாளியையாவது பார்த்திருப்பதாகச் சொன்னார்கள்.

பார்க்கப்படாதவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. இந்திய வீட்டில் இந்த நோய்க்கு ஒளிந்துகொள்ள இடம் ஏராளம். செவ்வாய் விரதம், நவராத்திரி, ஏகாதசி என்று சொல்லிச் சாப்பிடாமலிருந்தால் திட்டு கிடைக்காது, பாராட்டு கிடைக்கும். வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் நடத்தி 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், மேல்நாட்டுக் கேள்விப் பட்டியலுக்கு வந்த பதில்கள் ஆராய்ச்சியாளர்களையே குழப்பின. பட்டினி பற்றிய கேள்விகளுக்கு மாணவிகள் விரதத்தை மனதில் வைத்துப் பதில் எழுதியிருந்தார்கள். இது ஒருபுறம். மறுபுறம், பிள்ளை இளைத்தால் இந்தியக் குடும்பம் முதலில் காசநோயைத்தான் நினைக்கும். நினைப்பதில் தப்பில்லை, இந்த நாட்டில் அது நியாயமான பயம். எக்ஸ்ரே, எண்டோஸ்கோபி, தைராய்டு, குடற்புழு என்று பரிசோதனைகள் முடிவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பத்தாவது அல்லது பிளஸ் டூ வருஷமாக இருந்தால் 'பரீட்சை டென்ஷன்' என்று பெயர் கிடைத்துவிடும்.

இன்னொரு வேஷம் இதைவிட ஏமாற்றும். நோய் முற்றிவரும் பெண் சமையலறையில் அதிக நேரம் செலவிட ஆரம்பிப்பாள். தம்பிக்குப் பரோட்டா போடுவாள், விருந்தினர்களுக்குக் கேக் செய்வாள், எல்லோருக்கும் வற்புறுத்திப் பரிமாறுவாள். தான் மட்டும் 'அப்புறம்' என்பாள். மாமியார் வீட்டுக்குப் போகத் தயாராகிவிட்டாள் என்று உறவினர்கள் மெச்சிக்கொள்வார்கள். அந்த ஆர்வம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று விடை வைத்திருக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸெல் கீஸ், போருக்குப் போக மறுத்த, ஆரோக்கியமான 36 வாலிபர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு போயிற்று. கூடவே குணமும் மாறியது. சமையல் புத்தகம் படித்தார்கள், தட்டை மணிக்கணக்கில் அளைந்தார்கள், சிடுசிடுத்தார்கள், நண்பர்களை ஒதுக்கினார்கள். எந்த மனநோயும் இல்லாதவர்கள் அவர்கள். அனோரெக்ஸியா வந்த மகளின் பிடிவாதம், கோபம், சாப்பாட்டைப் பற்றிய ஓயாத நினைப்பு எல்லாவற்றையும் அவளுடைய 'திமிர்' கணக்கில் எழுதும் பெற்றோர் அறியவேண்டிய சேதி இது. பாதிக்கு மேல் பட்டினியின் வேலை.

மேஜைக்கு வருவோம். பாட்டியின் தலைமுறைக்குச் சாப்பாடுதான் பாசத்தின் மொழி. 1943-இல் வங்காளத்தில் இருபது முப்பது லட்சம் பேர் மாண்ட பஞ்சத்தை நேரில் கண்டவர்களின் மகள்கள், அறுபதுகளின் பீகார் வறட்சியைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். வீட்டில் பெண்கள் கடைசியில், மிச்சத்தைச் சாப்பிட்ட காலம் அது. தான் அனுபவிக்காத நெய்யைப் பேத்தியின் ரொட்டியில் தடவுவதில் பாட்டிக்கு ஒரு வெற்றி இருக்கிறது. அந்த ரொட்டியைப் பேத்தி டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுக்கும்போது அவருக்கு அது உணவு மறுப்பாகத் தெரிவதில்லை. தன்னையே மறுப்பதாகத் தெரிகிறது.

அம்மாவின் தலைமுறை நடுவில் மாட்டிக்கொண்டது. 1994-இல் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் உலக மேடைகளில் கிரீடம் சூடியபோது பள்ளியிலோ கல்லூரியிலோ இருந்தவர்கள் இவர்கள். தினமும் எடை மெஷினில் ஏறுபவர்கள். வீட்டில் இருவருக்கு நீரிழிவு. டாக்டரே அரிசியைக் குறைக்கச் சொல்கிறார். எச்சரிக்கைக்குக் காரணமும் உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் எடை குறைந்தவர்கள் 2005-06-இல் 35.5 சதவீதம், 2019-21-இல் 18.7 சதவீதம். அதே காலத்தில் எடை மிகுந்தவர்கள் 12.6-இலிருந்து 24 சதவீதமாகப் பெருகினார்கள். பதினைந்தே வருஷத்தில் தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. ஒரே வீட்டில் பாட்டி 'சாப்பிடு' என்கிறார், அம்மா 'அளவாகச் சாப்பிடு' என்கிறார், கல்யாணத்தில் சந்திக்கும் அத்தை 'கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டாயே' என்கிறார். பெண் மூன்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்தப் பேச்செல்லாம் நோயை உண்டாக்குகிறதா? எல்லாப் பழியையும் சினிமா, டி.வி. மீது போடுவது சுலபம். பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995-இல்தான் டி.வி. வந்தது. அன்போடு ஊட்டி வளர்ப்பதைப் பெருமையாகக் கருதும் சமூகம் அது. ஹார்வர்டு மானுடவியலாளர் ஆன் பெக்கர் அங்கே பள்ளிச் சிறுமிகளிடம் விசாரித்தார். எடையைக் குறைக்க வேண்டுமென்றே வாந்தியெடுப்பதாக 1995-இல் ஒருவரும் சொல்லவில்லை. 1998-இல் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். மிரளவைக்கும் கணக்குதான். ஆனாலும் நூற்றில் 88 பேருக்கு மேல் அதே டி.வி.யைப் பார்த்துவிட்டு அப்படிச் செய்யவில்லை.

அந்தச் சிலர் ஏன் என்ற கேள்விக்கு மருத்துவம் நூறு வருஷத்துக்கு மேல் கொடுத்துவந்த பதில்: குடும்பம். 1873-இல் லண்டனில் வில்லியம் கல்லும் பாரிஸில் ஷார்ல் லாஸெகும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நோயை வர்ணித்தார்கள். இப்படிப்பட்ட நோயாளியைக் கவனிக்க உறவினர்களைவிட மோசமான ஆட்கள் கிடையாது என்பது கல்லின் கருத்து. பாரிஸின் புகழ்பெற்ற டாக்டர் ஷார்கோ இன்னும் ஒருபடி மேலே போய், பெற்றோரிடமிருந்து முற்றாகப் பிரித்து வைத்தால்தான் குணமாகும் என்றார். 1960களில் மிலான் நகரின் மாரா ஸெல்வீனி பாலாட்ஸோலி, கிராமத்துப் பழக்கங்களோடு நகரத்துக்குக் குடியேறிய இத்தாலியக் குடும்பங்களைத் தாத்தா பாட்டிவரை ஆராய்ந்தார். இந்திய வாசகருக்கு நெருக்கமாகப் படும் எழுத்து அது. 1978-இல் அமெரிக்காவில் ஹில்டா ப்ரூக், குறையே இல்லாத 'நல்ல' வீடுகளில் சொந்த விருப்பம் என்ற ஒன்றே வளராத சொன்னபடி கேட்கும் பெண்களைப் பற்றி எழுதினார். அதே வருஷம் பிலடெல்பியாவின் ஸால்வடார் மினுச்சின் 'பின்னிப் பிணைந்த குடும்பம்' என்ற கருத்தை விளக்கினார். ஒருவர் விஷயத்தில் எல்லோரும் தலையிடுவது, ஒருவர் சார்பில் மற்றவர் பதில் சொல்வது, மூடிய கதவு இல்லாமலிருப்பது, சண்டையைத் தவிர்ப்பது. அவருடைய இலக்கணப்படி பார்த்தால் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர்வரை எந்த வீடு தப்பும்? எல்லாக் குடும்பமும் அப்படியிருக்க, நோய் மட்டும் சிலருக்கே வருகிறது என்பதிலேயே அந்தக் கொள்கையின் ஓட்டை தெரிகிறது.

ஓட்டை பின்னால் பெரிதாயிற்று. இரட்டையர்களை ஆராய்ந்தவர்கள், நோய் வரும் வாய்ப்பில் பாதிக்கு மேல் பரம்பரையைச் சார்ந்தது என்று கண்டார்கள். 2019-இல் ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஒப்பிட்ட சர்வதேச ஆய்வு, எட்டு இடங்களில் வித்தியாசம் கண்டது. அவற்றில் சில, மூளையோடு மட்டுமின்றி உடல் உணவை எரிக்கும் முறையோடும் சம்பந்தப்பட்டவை. (ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர்; இந்தியர்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.) இந்நோய்களுக்கான சர்வதேச நிபுணர் அமைப்பு 2010-இல் வெளியிட்ட அறிக்கை, குடும்பமே முதன்மைக் காரணம் என்ற கருத்தைத் தெளிவாக நிராகரித்தது. அத்தையின் வார்த்தை புண்படுத்தும்; எரிகிற இடத்தில் எண்ணெயும் ஊற்றும். தீயை மூட்டியது அதுவல்ல.

குடும்பத்தை விரட்டுவதற்குப் பதில் உள்ளே அழைப்பது என்ற யோசனை, சிகிச்சை முறையாக, மேல்நாட்டுக்குத்தான் புதிது. 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களுக்கு வளாகத்திலேயே கூடாரம் அடித்துக் கொடுத்துத் தங்கவைத்தார். ஆள் பற்றாக்குறையும் ஒரு காரணம். ஆனால் உறவினர்கள் கூட இருந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தோடு தங்கும் முறையைப் பின்பற்றியது. அது அனோரெக்ஸியாவுக்காக ஏற்பட்டதல்ல என்றாலும், நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டார் வேண்டும் என்பதில் இந்திய டாக்டர்களுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

அனோரெக்ஸியாவில் அந்தத் திருப்பம் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் நேர்ந்தது. ரஸலும் சகாக்களும் 80 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் குடும்பத்தோடு சேர்த்தும், மற்றதற்குத் தனியாகவும் ஒரு வருஷம் சிகிச்சை தந்தார்கள். 1987-இல் முடிவு வந்தது. 19 வயதுக்கு முன் நோய் தொடங்கி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகாதவர்களுக்குக் குடும்பச் சிகிச்சையே தெளிவாக உதவியது. வயது கூடியவர்களுக்குத் தனிச் சிகிச்சை பரவாயில்லை. பிறகு அமெரிக்காவில் பதின்வயதினர் 121 பேரிடம் நடந்த சோதனை 2010-இல் வெளியாயிற்று. சிகிச்சை முடிந்து ஒரு வருஷம் கழித்துப் பார்த்ததில் குடும்பச் சிகிச்சை பெற்றவர்களில் 49 சதவீதம் பேர் முழுமையாகத் தேறியிருந்தார்கள். தனிச் சிகிச்சையில் 23 சதவீதம். பாதிப் பேர் தேறவில்லை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

முறை எளிது, செய்வது கடினம். ஏன் வந்தது என்ற விசாரணையை ஒத்திவைத்துவிட்டு, பெற்றோர் சாப்பாட்டின் பொறுப்பை முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல்காரப் பிள்ளையிடம் மருந்து வேண்டுமா என்று கேட்பதில்லை அல்லவா, அதுபோல. என்ன, எவ்வளவு, எப்போது என்று பெரியவர்கள் முடிவு செய்வார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு மூன்று சிற்றுண்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெரியவர், சாப்பிட்டபின் கொஞ்ச நேரம் குளியலறைக்கு அனுப்பாமல் கூட இருப்பது. எடை ஏறியபின் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்ணிடம் திருப்பித் தருவது இரண்டாம் கட்டம். வயதுக்குரிய மற்ற பிரச்சினைகள் மூன்றாவது. ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் பிடிக்கும். கூடப்பிறந்தவர்கள் போலீஸ் வேலை பார்க்கக்கூடாது. அவர்கள் பங்கு, சாப்பிட்டபின் கூட உட்கார்ந்து கேரம் ஆடுவது, அழுதால் தோள் கொடுப்பது.

வேலைக்குப் போகும் அம்மா மட்டுமே உள்ள லண்டன் வீட்டில் பதினோரு மணிச் சிற்றுண்டிக்கு யார் உட்காருவது என்பது பெரிய பிரச்சினை. பாட்டி இருக்கும் டில்லி, கல்கத்தா வீட்டில் அதற்கு ஆள் இருக்கிறது. கூட்டுக் குடும்பத்தின் இந்தச் சாதகம் கணக்கில் கொள்ளத்தக்கது. பாதகமும் அதே பாட்டிதான். அம்மா கண்டிப்பாக உட்கார்ந்திருக்கையில் 'குழந்தையை அழவைக்காதே, போதும் விடு' என்று அவர் சொன்னால் அந்த வேளை போயிற்று. மருமகளின் வளர்ப்பைக் குறைசொல்லப் பழைய சந்தர்ப்பம் ஒன்று திரும்பக் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம். பெரியவர்களுக்குள் பிளவு விழும் இடத்தில்தான் நோய் புகுந்து உட்காரும். ஆகவே, பாட்டியைச் சிகிச்சை அறைக்கு அழைத்து வராமல் இந்தியாவில் இதைச் செய்ய நினைப்பது வீண். விமர்சனம் அதிகமுள்ள குடும்பங்களில் பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியே பார்த்தால் பலன் கூடுகிறது என்று மாட்ஸ்லிக் குழுவே 2000-இல் எழுதியது. அப்பாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'பெற்றோர்' என்று கையேடு சொல்வது நடைமுறையில் அம்மா என்றாகிவிடுகிறது. இரவுச் சாப்பாட்டுக்காவது டி.வி.யை நிறுத்திவிட்டு அப்பா அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

அன்பே ஆபத்தாகும் இடம் ஒன்று உண்டு. வெகுநாள் பட்டினியில் கிடந்தவர் 'சரி, சாப்பிடுகிறேன்' என்று இணங்கிய அன்றே வீடு குலாப் ஜாமூனும் புலாவுமாக அமர்க்களப்பட்டால், ரத்தத்தில் பாஸ்பேட் அளவு சரிந்து இதயம் தடுமாறி உயிரே போகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுவிக்கப்பட்ட கைதிகளுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டபோது இந்தப் பாடம் கிடைத்தது. மிகவும் இளைத்தவருக்கு முதல் சில நாட்கள் ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைகளோடு, படிப்படியாகத்தான் உணவைக் கூட்டவேண்டும்.

எப்போது ஓடவேண்டும்? மயக்கம் போட்டு விழுந்தால். நாடி நிமிஷத்துக்கு 50-க்குக் கீழே போனால். வெயில் காலத்திலும் குளிர்கிறது என்று ஸ்வெட்டர் கேட்டால். மாதவிலக்கு மூன்று மாதம் வராவிட்டால். கையிலும் முதுகிலும் பூனை மயிர் படர்ந்தால். விரல் முட்டியில் பல் பட்ட தழும்பும் வீங்கிய கன்னமும் தெரிந்தால். கடைசி இரண்டும் ரகசிய வாந்தியின் அடையாளம். வாந்தியெடுப்பவர் எடை சரியாக இருக்கலாம். பொட்டாசியம் குறைந்து இதயம் நின்றுபோக அது தடையல்ல. முதலில் குழந்தைகள் டாக்டர் அல்லது பொது மருத்துவர்: நாடி, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், இ.சி.ஜி., உப்புகள். கூடவே மனநல டாக்டர். இந்நோய்க்கென்று தனிப் பயிற்சி பெற்றவர்கள் சில பெருநகரங்களுக்கு வெளியே அபூர்வம். பெங்களூரின் நிம்ஹான்ஸ் போன்ற நிலையங்கள் வெகுதூரம் என்பவர்களுக்கு, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை உண்டு. எண் 14416, கட்டணமில்லை, 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

டாக்டரிடம் போகுமுன் வீட்டில் எழுதிவைத்துக் கொண்டுபோக வேண்டியது, கடந்த இரண்டு மூன்று வருஷத்து உயரமும் எடையும். பள்ளிச் சுகாதார அட்டையில் அது இருக்கும். ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் அன்று பெண் சட்டைப் பையில் நாணயம் போட்டுக்கொண்டோ, ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டோ வரலாம். பழகிய நர்ஸ்கள் அதனால்தான் சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொல்லி, ஆஸ்பத்திரி உடை கொடுத்துத் தராசில் ஏற்றுகிறார்கள்.